மெமரி கார்டில் ஓடும் இயங்குதளம்: கார்டு எதனால் சாகிறது, எப்படிக் காப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் மெமரி கார்டை நம்பி ஓடும் கணினிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். கோயிலில் விடியற்காலை பாட்டுப் போடும் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி, மினி மார்க்கெட்டில் விலைப்பட்டியல் காட்டும் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டி, செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிகளை எடை போடும் இடத்துக் கணினி என்று பல வடிவங்களில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்தான்: நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று பூட் ஆகவில்லை. புதுக் கார்டு போடுகிறார்கள், சில மாதங்களில் அதுவும் போகிறது. பழி கார்டின் பிராண்டு மேல் விழுகிறது.

பெரும்பாலும் பிராண்டு காரணமல்ல. இயங்குதளம் ஓயாமல் எழுதும் சின்னச் சின்ன எழுத்துகள் ஒரு காரணம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது இன்னொன்று. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் நடுத்தர விலைக் கார்டே ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அடைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் தாங்காது.

கேமராவுக்குப் பிறந்த பொருள்

மெமரி கார்டுகளின் உள்ளே இருக்கும் நான்ட் வகை ஃபிளாஷ் நினைவகத்தைத் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987-ல் அறிமுகப்படுத்தியது. 1994-ல் சான்டிஸ்க் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைக் கொண்டுவந்தது. 1999-ல் சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. இவை புகைப்படத்தையும் பாட்டையும் வைத்துக்கொள்ளச் செய்யப்பட்டவை. கேமரா ஒரு பெரிய கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாக எழுதும், பிறகு சும்மா இருக்கும். எதை எங்கே எழுதுவது என்று கார்டுக்குள் முடிவுசெய்யும் சிப்பான கன்ட்ரோலர் அந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது.

இயங்குதளத்தின் பழக்கம் நேர்மாறானது. நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் ஒரு வரி, கோப்புகளை ஒழுங்காக வைக்கும் கோப்புமுறையின் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறிக்கும் பதிவு) ஒரு குறிப்பு, பிரௌசர் கேஷில் ஒரு துண்டு என்று கார்டின் பத்து மூலைகளில் நான்கு நான்கு கேபியாக எழுதிக்கொண்டே இருக்கும்.

ஃபிளாஷில் எழுதிய இடத்தின் மேல் அப்படியே திரும்ப எழுத முடியாது. எழுதுவது பேஜ் அளவில் நடக்கும், அது சில கேபி. அழிப்பது பிளாக் அளவில்தான் நடக்கும். இன்றைய எஸ்டி கார்டுகளில் அது பல எம்பி. லினக்ஸில் கார்டின் சாதன விவரங்களைத் திறந்து, விரும்பப்படும் அழிப்பு அளவைப் பார்த்தால் பல கார்டுகள் 4,194,304 பைட், அதாவது 4 எம்பி என்று சொல்லும். ஆகவே 4 கேபியை மாற்ற வேண்டுமென்றால், மோசமான நேரத்தில், அந்த 4 எம்பி பிளாக்கில் உள்ள மற்றதையெல்லாம் வேறு பிளாக்குக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டியிருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் ஃபிளாஷ் டிரைவான நல்ல எஸ்எஸ்டியில் இதைச் சமாளிக்க, எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் பெரிய மேப்பிங் அட்டவணையும் நிறைய உபரி இடமும் இருக்கும். விரல் நகம் அளவுக் கார்டில் அந்த வசதி குறைவு. லினக்ஸ் மென்பொருளை மேம்படுத்தும் லினாரோ அமைப்பில் பணியாற்றிய ஆர்ண்ட் பெர்க்மான் 2011-ல் மலிவான கார்டுகளைச் சோதித்து, பல கார்டுகள் ஒரே நேரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிளாக்குகளை மட்டுமே திறந்து வைத்திருக்க முடியும் என்று காட்டினார். அந்த எண்ணிக்கையைத் தாண்டி இன்னோர் இடத்தில் எழுதினால், திறந்திருக்கும் ஒன்றை ஒழுங்குசெய்து மூடிவிட்டுத்தான் புதியதைத் திறக்கும். வேகம் விழுவதும் ஆயுள் தேய்வதும் அங்கேதான்.

எடை நிலையக் கணக்கு ஒன்று

செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் எடை காட்டும் கருவி கணினிக்கு ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டிருக்கும். லாரி நின்று எடை நிலைத்ததும் ஒரு வரியைப் பதிவு செய்தால் போதும். நாளுக்கு முந்நூறு லாரி வந்தாலும் அது கார்டுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ‘பின்னால் தகராறு வந்தால் பார்க்கலாம்’ என்று, வரும் எடையையெல்லாம் நொடிக்கு ஒரு முறை உடனே கார்டில் எழுதும்படி மென்பொருளை அமைத்துவிடுகிறார்கள். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் எழுதியது சுமார் 345 எம்பிதான். பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்தும் 4 எம்பி பிளாக் ஒன்றைப் புரட்டினால் உள்ளே நடப்பது 345 ஜிபி. 16 ஜிபி கார்டை அது நாளுக்கு 21 முறைக்கு மேல் முழுசாக அழித்து எழுதுவதற்குச் சமம். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகைச் செல் ஆயிரம் முறை தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும் 46 நாளில் கணக்கு முடிந்துவிடும்.

உண்மையில் கன்ட்ரோலர் பல எழுத்துகளைச் சேர்த்து எழுதும், அதனால் இவ்வளவு மோசமாகாது. ஆனால் கணக்கு போகும் திசை சரி. 345 எம்பியை வைத்து ஆயுளை மதிப்பிடுபவர் ஏமாறுவார். தீர்வும் இங்கேயே தெரிகிறது: அறுபது வரியை ரேமில் (கரண்ட் போனால் மறையும் தற்காலிக நினைவகத்தில்) சேர்த்துவைத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால், எழுத்துகள் அறுபதில் ஒரு பங்காகும். ரசீதுக்கான வரியை மட்டும் உடனே எழுதட்டும்.

உங்கள் இயந்திரம் எவ்வளவு எழுதுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். லினக்ஸின் வழக்கமான இஎக்ஸ்டி4 கோப்புமுறை, தான் பிறந்ததிலிருந்து எழுதிய மொத்தக் கேபியைக் கணக்கு வைத்திருக்கிறது. இன்று ஒரு முறையும் நாளை இதே நேரத்தில் ஒரு முறையும் குறித்துக்கொண்டால் ஒரு நாள் கணக்கு கிடைத்துவிடும். எந்த நிரல் எழுதுகிறது என்று கண்டுபிடிக்க ஐஓடாப் கருவியைக் கூட்டுத்தொகை முறையில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பெரும்பாலும் பிரௌசரும் லாகும், ரேம் போதாதபோது கார்டில் எழுதும் ஸ்வாப்பும்தான் மேலே வந்து நிற்கும்.

கரண்ட்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேராக்கில் பிற்பகல் இடி மழை வழக்கம். விளக்கு ஒரு கணம் மங்கி மீளும்; வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள், கார்டு கவனிக்கும். மேலே சொன்ன நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கெடுவது அப்போது எழுதிய கோப்பு மட்டுமல்ல. அதே பிளாக்கில் இருந்த, தொடவே தொடாத வேறு கோப்பும் போகலாம். மேப்பிங் அட்டவணையே குலைந்தால் கார்டு மொத்தமும் படிக்க முடியாமல் போகலாம். ஜர்னல் உள்ள கோப்புமுறை தன் எழுத்துகளைத்தான் காக்கும். கார்டுக்குள் கன்ட்ரோலர் செய்யும் வேலை அதற்குத் தெரியாது.

மழையைவிட மோசமான எதிரி மெயின் சுவிட்ச். இரவு பூஜை முடிந்து நடை சாத்தும்போது, பாதுகாப்புக்கென்று மொத்தக் கரண்டையும் அடைத்துவிட்டுப் போவது கோயில்களில் வழக்கம், கடைகளிலும்தான். அவர்கள் செய்வது சரி. அதைத் தாங்கும்படி பெட்டியை அமைப்பதுதான் நம் வேலை.

மூன்றாவது, மின்னழுத்தக் குறைவு. ராஸ்பெர்ரி பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரும் இரண்டு மீட்டர் மெல்லிய கேபிளும் போட்டால், வேலை கூடும் நேரத்தில் அழுத்தம் இறங்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்துக்கொள்ளும்; திரையில் மின்னல் குறி வரும். திரை இல்லாத பெட்டியில் பையிலேயே இருக்கும் விசிஜென்சிஎம்டி கருவியிடம் த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேளுங்கள். பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால், கார்டை மாற்றுவதற்கு முன் அடாப்டரையும் கேபிளையும் சந்தேகியுங்கள். பவர்பேங்கை யூபிஎஸ் போல வைப்பதும் பலருக்குக் கைகொடுப்பதில்லை: சார்ஜ் ஆகும் நிலையிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் பல பவர்பேங்குகள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மோடத்துக்கென்று விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் இதற்குப் பொருத்தம். ஆனால் 5 வோல்ட் பக்கத்தில் உங்கள் பை கேட்கும் ஆம்பியரை அது தருமா என்று பார்த்து வாங்குங்கள்.

எழுதாமல் இருக்க வைப்பது

பாட்டுப் பெட்டி, விலைப்பலகை போல ஒரே வேலையைச் செய்யும் இயந்திரத்துக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே: கார்டைப் படிக்க மட்டும் வைத்து, எழுத்தையெல்லாம் ரேமுக்குத் திருப்பிவிடுவது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. எல்லாவற்றையும் அமைத்து முடித்து, இரண்டு மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தபின், அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸில், மாற்றங்களைக் கார்டில் எழுதாமல் ரேமில் வைக்கும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆம் என்று சொன்னபின், கார்டில் பூட் கோப்புகள் இருக்கும் பகுதியான பூட் பார்ட்டிஷனையும் எழுத முடியாமல் பூட்டவா என்று கேட்கும். அதற்கும் ஆம் சொல்லி ரீபூட் செய்யுங்கள். இனி யார் எப்போது மெயின் சுவிட்சை அடைத்தாலும், அடுத்த நாள் காலை கார்டு அதே நிலையில் எழும்.

இதில் மூன்று சிக்கல் உண்டு. முதலாவது, ரீபூட் ஆனதும் நீங்கள் செய்த மாற்றம் எதுவும் இருக்காது. புதுப் பாட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் ஓவர்லேயை நிறுத்தி, ரீபூட் செய்து, வேலையை முடித்து, மறுபடி போட வேண்டும். அதனால் பாட்டுகளை ஒரு தனிப் பென்டிரைவில் வைத்து, அதைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்வது (இணைப்பது) நல்லது. குருக்களோ நிர்வாகத்தில் ஒருவரோ பென்டிரைவைக் கழற்றி வீட்டுக் கணினியில் பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, லாக் இப்போது ரேமில் வளரும். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் 1 ஜிபி ரேம் பெட்டியில் அது அடைத்துக்கொள்ளும். இயங்குதளத்தின் லாகை ரேமில் மட்டும் வைக்கச் சொல்லி, 20 எம்பி என்று உச்சவரம்பும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணையும் முன் நேரத்தைக் கார்டில் குறித்துவைத்து, எழும்போது அங்கிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்ததும் திருத்திக்கொள்ளும். கார்டைப் பூட்டியபின் அந்தக் குறிப்பையும் எழுத முடியாது. இணையம் இல்லாத கோயிலில் ஐந்து மணிப் பாட்டு பத்து மணிக்கு ஒலிக்கும். டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை வாங்கி பையில் துணைக் கருவிகளை இணைக்கும் ஐ2சி பின்களில் மாட்டுங்கள். மின்சாரத்தை 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் சிக்னல் கம்பிகளும் 5 வோல்ட்டுக்கு ஏறி பையின் பின்களைக் கெடுக்கலாம். கான்ஃபிக் கோப்பில் அந்தக் கடிகாரத்துக்கான வரியைச் சேர்த்து, போலிக் கடிகார நிரலை நீக்குங்கள். இதெல்லாம் ஓவர்லே போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அணைப்பதற்கு ஒரு பொத்தானும் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: வழக்கமாக அதை ஐந்தாவது, ஆறாவது பின்களில் மாட்டுவார்கள். ஐந்தாவது பின் கடிகாரப் பலகைக்கும் தேவை. பொத்தானை வேறு பின்னுக்கு மாற்றி, அந்த எண்ணை அமைப்பில் சொல்லிவிடுங்கள்.

எடை நிலையம் போலத் தரவைச் சேமித்தே ஆகவேண்டிய இயந்திரத்துக்கு வழி வேறு. இயங்குதளம் கார்டில் பூட்டியபடி இருக்கட்டும். பதிவுகள் யூஎஸ்பி வழியாக ஒரு சின்ன எஸ்எஸ்டிக்குப் போகட்டும். பை 4, பை 5 இரண்டுமே யூஎஸ்பியிலிருந்து நேராக பூட் ஆகும் என்பதால், கார்டே இல்லாமல் எஸ்எஸ்டியில் எல்லாவற்றையும் வைப்பது இன்னும் எளிது. 120 ஜிபி எஸ்எஸ்டிக்கும் தரமான கார்டுக்கும் உள்ள விலை வித்தியாசம், ஒரு நாள் எடைக் கணக்கு தொலைந்தால் வரும் தலைவலிக்கு முன்னால் ஒன்றுமில்லை. கார்டில்தான் எழுதியாக வேண்டும் என்றால் மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள்: மவுண்ட் விருப்பங்களில், கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காமல் விடும் நோஏடைம் சேர்ப்பது, ஸ்வாப் கோப்பை நிறுத்தி, ரேமிலேயே சுருக்கி வைக்கும் ஜீராம் வைப்பது, ரேமில் உள்ளதைக் கார்டில் எழுதும் கமிட் இடைவெளியை வழக்கமான 5 நொடியிலிருந்து 60-க்கு உயர்த்துவது. கடைசி மாற்றத்துக்கு விலை உண்டு: கரண்ட் போனால் கடைசி ஒரு நிமிட எழுத்து போய்விடலாம். யூபிஎஸ் இல்லாத இடத்தில் அதைத் தொட வேண்டாம்.

கார்டு வாங்கும்போது

கார்டின் மேல் அச்சிட்ட கிளாஸ் 10, யூ3, வி30 எல்லாம் வரிசையாக எழுதும் வேகத்தைச் சொல்பவை. வீடியோ எடுப்பவருக்கு அது வேண்டும். நமக்கு வேண்டியது ஏ1 முத்திரை. சிதறலாகப் படிப்பதில் நொடிக்கு 1,500, எழுதுவதில் 500 செயல்கள் என்பது அதன் குறைந்தபட்ச உறுதி. ஏ2 என்றால் 4,000, 2,000. ஆனால் ஏ2-வின் வேகம் வர, கருவியும் பல கட்டளைகளை வரிசையில் வைத்துச் செய்யும் கமாண்ட் க்யூவை ஆதரிக்க வேண்டும். பை 4 போன்றவற்றில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். டேஷ்கேமராவுக்கென்று ‘என்டியூரன்ஸ்’ பெயரில் வரும் கார்டுகள் ஓயாத எழுத்துக்காகச் செய்யப்பட்டவை, எழுதும் பெட்டிக்கு அவையே நல்ல தேர்வு. கொள்ளளவையும் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள்: 8 ஜிபி போதும் என்ற இடத்தில் 32 ஜிபி போட்டால் தேய்மானம் நான்கு மடங்கு செல்களில் பரவும்.

போலிக் கார்டு தனித் தொல்லை. உள்ளே 8 ஜிபி இருக்கும், கணினிக்கு 64 என்று சொல்லும். எட்டைத் தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும். கண்ணுக்குத் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். லினக்ஸில் எஃப்3ரைட் கார்டு நிறைய எழுதும், எஃப்3ரீட் திரும்பப் படித்துச் சரிபார்க்கும்; விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. நொடிக்கு 15 எம்பி எழுதும் 64 ஜிபி கார்டுக்கு எழுதவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாங்கிய அன்றே செய்யுங்கள், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள்.

பழைய ஐடிஇ கணினிகள்

தோட்ட ஆபீசிலும் பட்டறையிலும் இன்னும் ஓடும் பழைய இயந்திரங்களில் ஹார்ட் டிஸ்க் போனால் காம்பாக்ட் ஃபிளாஷ் கைகொடுக்கும். அது மின் இணைப்பளவில், பழைய ஹார்ட் டிஸ்க்குகளின் இணைப்பு முறையான ஐடிஇயேதான். 40 பின் அல்லது 44 பின் அடாப்டர் போதும், இடையில் சிப் எதுவும் வேண்டாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. மலிவான அடாப்டர்களில், வேகமாகத் தரவு மாற்றும் முறையான டிஎம்ஏவுக்கான கம்பிகளை இணைக்காமல் விட்டிருப்பார்கள். கார்டு டிஎம்ஏ தெரியும் என்று சொல்லும், கணினி முயன்று பார்த்து பூட்டின் நடுவில் தொங்கும். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அந்த டிரைவுக்குப் பழைய பிஐஓ முறையைத் தேர்ந்தெடுத்தால் மெதுவாகவேனும் ஓடும். அடுத்தது, சாதாரணக் கார்டு தன்னைக் கழற்றக்கூடிய டிஸ்க் என்று அறிவித்துக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்பி அதில் முரண்டு பிடிக்கும். ஃபிக்ஸ்டு டிஸ்க் முறையில் வரும் தொழிற்சாலைத் தரக் கார்டுதான் தேவை. அவற்றில் செல்லுக்கு ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை கிடைத்தால் விடாதீர்கள். ஒரு செல்லுக்கு ஒரு லட்சம் முறை என்ற அளவில் தாங்கும். எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டாரில் தொடங்கும், அது எந்தப் பேஜ் எல்லையோடும் பொருந்தாது. முதலில் ஜிபார்ட்டெட் என்னும் பார்ட்டிஷன் கருவியில் 2048-ஆவது செக்டாரில் தொடங்கும்படி பார்ட்டிஷன் போட்டுவிட்டுப் பிறகு எக்ஸ்பியை நிறுவுங்கள். 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்த இயங்குதளம் அது, இணையத்தோடு இணைக்காதீர்கள்.

புதிய விண்டோஸை எஸ்டி கார்டிலோ பென்டிரைவிலோ வைத்து அன்றாட வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். அதற்கென்று இருந்த விண்டோஸ் டு கோ வசதியை மைக்ரோசாஃப்ட்டே 2020-ல் விண்டோஸ் 10-லிருந்து நீக்கிவிட்டது. அப்டேட், தேடல் அட்டவணை, பேஜ் ஃபைல் எல்லாம் சேர்ந்து கார்டை அரித்துவிடும்.

செத்ததா, கெட்டதா

பூட் ஆகாத கார்டையெல்லாம் குப்பையில் போட வேண்டாம். வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, கோப்புமுறையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டுங்கள். பிறகு ஒரு கோப்பை அழித்து, முறையாகக் கழற்றி, மறுபடி செருகிப் பாருங்கள். அழித்தது அழிந்தே இருந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது. கெட்டது கோப்புமுறை, சந்தேகிக்க வேண்டியது கரண்டை. கார்டின் முழு நகலான இமேஜைப் புதிதாக எழுதிப் பயன்படுத்தலாம். அழித்த கோப்பு எதுவுமே நடக்காதது போல் திரும்ப வந்து நின்றால், கன்ட்ரோலர் எழுதுவதை நிறுத்திவிட்டது. ஃபார்மெட் செய்தாலும் பழையபடியே இருக்கும். அந்தக் கார்டிலிருந்து இன்னும் படிக்க முடியும், உடனே எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு அதை ஒதுக்குங்கள்.

மாற்றுக் கார்டு ஒன்று தயாராக இருந்தால் இந்த வேலையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். அமைத்து முடித்த அன்றே கார்டை முழு இமேஜாக எடுத்து, பைஷ்ரிங்க் கருவியால் சுருக்கி வையுங்கள். சுருக்காமல் வைத்தால், 32 ஜிபி என்று போட்ட இன்னொரு நிறுவனத்தின் கார்டு சில எம்பி சிறியதாக இருந்து, இமேஜ் கடைசியில் ஏறாமல் நின்றுவிடும். எழுதி முடித்ததும் ராஸ்பெர்ரி பை இமேஜர் செய்யும் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். அந்த மாற்றுக் கார்டைப் பெட்டியில் போட்டு ஒரு முறை பூட் செய்து பார்த்தபின், தேதி எழுதிய உறையில் போட்டுப் பெட்டியின் மூடிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் சூடேறும் இடமென்றால் மட்டும் வேறு இடத்தில் வையுங்கள், சூடு கூடினால் செல்லில் உள்ள மின்னூட்டம் சீக்கிரம் கசியும்.